தில்மாத்திக் கருங்கரை

மைசூர் சமஸ்தானத்துக்குத் தங்கமும் சந்தனமும் யானைக் காடும் காவேரியும் இருந்தன. கடல் மட்டும் இல்லை. ஹைதர் அலியும் திப்புவும் மங்களூர்த் துறைமுகத்தைக் கைக்குள் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு என்றாலும், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கும்பினியார் கன்னடக் கடற்கரையைத் தமக்கென எடுத்துக்கொண்டு, உடையார் வம்சத்தாருக்கு மேட்டு நிலத்தை மாத்திரம் மீட்டுக் கொடுத்தார்கள். பிற்பாடு அந்தக் கரையின் தென்பகுதி சென்னை மாகாணத்தோடும் வடபகுதி பம்பாய் மாகாணத்தோடும் போய்ச் சேர்ந்தன. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி ராஜ்யங்கள் ஏற்பட்டபோதுதான், காசர்கோடு நீங்கலாக அவை இரண்டும் மைசூரோடு இணைந்து, சாமுண்டி மலையின் நிழலில் வாழ்ந்தவர்களும் எங்கள் கடற்கரை என்று உரிமையோடு சொல்லிக்கொள்ள வழி பிறந்தது. உரிமை வந்த அளவுக்குப் பழக்கம் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். மைசூரில் தமிழர் வாழும் எங்கள் தெருவில் கடல் என்றால் இன்றும் சிலருக்கு மெரினாதான். வேறு சிலருக்கு ராமேசுவரம்.

இந்தக் குறையை எனக்கு எடுத்துக் காட்டியவர், மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானச கங்கோத்ரி வளாகத்தில் பூகர்ப்ப சாஸ்திரம் போதித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர். கல்லைக் கண்டால் அவருக்குக் கால் நகராது. மைசூரில் பூகர்ப்ப இலாகா 1894இல் தொடங்கியபோது அதற்குத் தலைவராக வந்தவர், 1863இல் நம் பல்லாவரத்துச் செம்மண்ணில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பதை வாரம் ஒரு முறையாவது எனக்கு நினைவூட்டி, தமிழர்களுக்கும் கன்னடத்துக் கற்களுக்கும் உள்ள சம்பந்தம் இன்றைக்கு நேற்றைக்கு ஏற்பட்டதல்ல என்று வாதாடுவது அவர் வழக்கம். "ஐயா, எரிமலையின் கரிய மணலைப் பார்க்க ஹவாய்த் தீவுக்குப் போகிறார்கள், நம் கார்வாரில் ஒன்று கிடக்கிறது, கேட்பார் இல்லை" என்று அவர் ஒருநாள் சொன்னார். எரிமலை என்ற சொல்லையும் கார்வார் என்ற ஊரையும் சேர்த்து அதுவரை நான் நினைத்ததே இல்லை. தை பிறந்து பனி குறையத் தொடங்கிய சமயம் இருவரும் புறப்பட்டோம்.

ஹுணசூர், பிரியாபட்டணம், குசால்நகர் என்று பஸ் போகும்போது நிலம் ஏறுவதே தெரிவதில்லை. மடிக்கேரியை அடைந்தபின், சம்பாஜே மலைப்பாதையில் இறங்கும்போதுதான் எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கிறோம் என்பது காதடைப்பால் தெரிகிறது. மைசூரே கடல்மட்டத்துக்கு மேல் எழுநூற்றைம்பது மீட்டருக்கு அதிகமான உயரத்தில் இருக்கும் ஊர். அந்த உயரத்தையெல்லாம் ஒரு பிற்பகலில் இறங்கித் தீர்த்து, சுள்ளியாவின் பாக்குத் தோட்டங்களையும் புத்தூரின் செம்மண் மேடுகளையும் கடந்து மங்களூரில் கால் வைத்தபோது, காற்றே ஈரமும் உப்பும் கலந்து வேறொரு தேசத்தின் காற்றாக மாறிவிட்டிருந்தது. அன்றிரவே உடுப்பி சேர்ந்து புனர்ப்புளி பானகம் அருந்திய பிறகுதான் நண்பர் தம் திட்டத்தை விவரித்தார். நேரே கார்வாருக்குப் போவது முறையன்றாம். எரிமலைக் குழம்பு உறைந்து நிற்பதை முதலில் பிரத்தியட்சமாகப் பார்த்துவிட்டு, அதன்பின் அது மணலாவதைப் பார்க்க வேண்டுமாம். ஆசிரியர்கள் ஓய்வு பெற்றாலும் பாடத்திட்டம் ஓய்வு பெறுவதில்லை.

மால்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து படகேறி அரை மணிக்குள் செயின்ட் மேரித் தீவுகளை அடையலாம். தென்னந்தீவு, வடதீவு, தரியா பகதூர் கட், தென்தீவு என நான்கு உண்டு. பிரயாணிகளை இறக்குவது தென்னந்தீவில். 1498இல் வாஸ்கோ ட காமா இங்கே இறங்கி மரியன்னையின் பெயரை இட்டான் என்று ஐதீகம். அவன் வந்தானோ இல்லையோ, அவனுக்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து இறங்கிய வேறொன்றைப் பார்க்கத்தான் நாங்கள் போனோம். தென்னை மரங்களுக்கு அப்பால், கடலை ஒட்டி, ஐந்து பட்டை, ஆறு பட்டை, ஏழு பட்டையாகச் செதுக்கியவை போன்ற கல் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. சில ஆறு மீட்டர் வரை உயரம். சில குட்டையாகி, மேல்முகம் சமமான படிகளாகி, அலை வந்து ஏறி இறங்கும் மேடையாக அமைந்திருக்கின்றன. சிற்பி யாரும் செதுக்கவில்லை என்பதை நம்புவதற்குக் கொஞ்சம் பிரயத்தனம் வேண்டியிருக்கிறது. வறண்ட ஏரியின் சேறு வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிளப்பதை நம் ஊர்ப் பக்கம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே காரியம்தான் இங்கே நெருப்பில் நடந்திருக்கிறது என்று நண்பர் விளக்கினார். பரந்து தேங்கிய கற்குழம்பு மேலிருந்தும் கீழிருந்தும் குளிர்ந்து சுருங்கும்போது, எல்லாத் திசையிலும் ஒரே சீராக இழுபட்டு வெடிக்கிறது. சுருங்கும் பரப்பைக் குறைந்த வெடிப்புகளால் பங்கிட அறுகோணமே பெரும்பாலும் வசதியாக அமைகிறது. குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க வெடிப்பும் கூடவே இறங்கித் தூணாகிறது.

இந்தத் தூண்களின் வயது ஏறத்தாழ 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். அதே காலத்து எரிமலைப் பாறைகள் மடகாஸ்கர் தீவிலும் கிடக்கின்றன. அந்தத் தீவும் இந்தியாவும் அதுவரை ஒட்டியிருந்து, பூமி பிளந்து நெருப்புக் கக்கிய ஒரு யுகத்தில் பிரிந்தன என்பதற்கு மால்பேயின் தூண்களும் ஒரு சாட்சியாக நிற்கின்றன. மகாராஷ்டிரத்தையே மூடிக் கிடக்கும் தக்காணத்து லாவா இதற்கு இரண்டு கோடி ஆண்டு இளையது. தேசியப் பூகர்ப்பச் சின்னம் என்ற பலகையைக் கடந்து வந்த பிள்ளைகள் தூண்களின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டும், காவலர்கள் விசில் ஊதி அவர்களை இறக்கிக்கொண்டும் இருந்தார்கள்.

ஆனால், என்னைத் திடுக்கிட வைத்தது தூண்களல்ல, கரை. எரிமலைப் பாறை இத்தனை இருந்தும், தென்னந்தீவின் கரையில் ஒரு பிடி கரிய மணல் இல்லை. கால் வைத்த இடமெல்லாம் கிளிஞ்சலும் சங்குத் துண்டும் சிப்பியுமாக வெளுத்துக் கிடந்தது. எரிமலை என்றால் கருமணல் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்த எனக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. நண்பர் இதற்காகவே காத்திருந்தவர்போல உற்சாகமடைந்தார். எல்லா எரிமலைக் குழம்பும் ஒரு ஜாதியன்று. சிலிக்கா மிகுந்த குழம்பு உறைந்தால் ரயோலைட் என்னும் வெளிறிய பாறையாகிறது, இரும்பும் மக்னீசியமும் மிகுந்தது உறைந்தால் பசால்ட் என்னும் கரும்பாறையாகிறது. மால்பேயில் நிற்பது முதல் வகை, ஆகவே அது எத்தனை யுகம் அரைபட்டாலும் கறுக்காது என்றார். நெருப்பு நிறத்தைத் தருவதில்லை. நெருப்பில் உருகிய பொருளே நிறத்தைத் தருகிறது.

உடுப்பியிலிருந்து கார்வாருக்குக் கொங்கண் ரயிலில் போனோம். ரோஹாவிலிருந்து மங்களூருக்குப் பக்கத்துத் தோகூர் வரை 741 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை முழுவதும் 1998 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது; அதற்கு முன் மலைக்கும் கடலுக்கும் நடுவே அகப்பட்ட இந்தப் பிரதேசத்துக்கு ஒவ்வொரு ஆற்றையும் கடந்துதான் வந்து சேர வேண்டியிருந்தது. முருடேசுவரத்தின் உயர்ந்த கோபுரமும் சிவனும் தென்னை மரங்களுக்கு மேல் ஒரு கணம் தோன்றி மறைந்தபோது, அதற்கு நேர் எதிரே பத்தொன்பது கிலோமீட்டர் கடலுக்குள் நெத்ராணி என்னும் தீவு இருப்பதை நண்பர் சொன்னார். ஆங்கிலேயர் அதைப் புறாத்தீவு என்றார்கள். பாறைச் சுவர் செங்குத்தாகக் கடலில் இறங்கும் அந்தத் தீவின் குகைகளில், தன் எச்சிலையே உறைய வைத்துக் கூடு கட்டும் உழவாரன் இனத்துச் சிறு பறவைகள் குடியிருப்பதைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய இயற்கை ஆராய்ச்சியாளர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். சீன தேசத்தார் அந்தக் கூட்டைக் கஞ்சி வைத்துக் குடிக்கப் பொன் விலை கொடுப்பார்கள் என்பதால், மேற்குக் கரைத் தீவுகளின் குகைகளுக்கு அந்நாளில் கூடு திருடுவோரும் வந்து போனதுண்டு. நம் கடற்படை குண்டு பயிற்சிக்கு இந்தத் தீவைக் குறியாக வைத்திருந்தது என்பதையும், இப்போது அதைச் சுற்றியுள்ள பவளத்தைப் பார்க்க ஜனங்கள் முக்குளிக்கப் போகிறார்கள் என்பதையும் ஒரே மூச்சில் கேட்டபோது, மனிதனின் ரசனைக்கு ஒரு வரிசை முறை கிடையாது என்று தோன்றிற்று.

கார்வாரில் இறங்கியவர்கள் கடற்கரைக்குப் போய்த் தாகூரின் பெயரைப் படிக்காமல் வர முடியாது. ரவீந்திரநாதரின் தமையனார் சத்தியேந்திரநாதர் இங்கே ஜில்லா நீதிபதியாக இருந்தபோது, இருபது வயதைக் கடந்த இளைஞராகத் தம்பி வந்து தங்கி, ‘பிரகிருதிர் பிரதிசோத்’ என்ற நாடகத்தை எழுதினார். உலகத்தை வென்றுவிட்டதாக எண்ணிக் குகையிலிருந்து வெளியே வரும் சந்நியாசி ஒருவனே அதன் நாயகன். அவர் இந்தக் கரைப் பாறைகளில் எந்தப் பொந்தைப் பார்த்து அதை நினைத்தாரோ என்று தேடித் திரிவது ரசிகர்களுக்கு உரிய பைத்தியம். எனக்கும் கொஞ்சம் உண்டு.

மறுநாள் விடியலில் காளி நதியைக் கடந்தோம். 2024 ஆகஸ்டில் பழைய பாலம் நள்ளிரவுக்குப்பின் இடிந்து விழுந்தபோது, லாரியோடு ஆற்றில் விழுந்த தமிழ்நாட்டு ஓட்டுநரைக் கரையோர மீனவர்களும் போலீசாரும் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். எங்கள் ஆட்டோக்காரர் தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் வண்டியை மெதுவாக்கி அந்த இடத்தைச் சுட்டிக் காட்டினார். அக்கரையில் சதாசிவகடக் குன்று. அதையும் தாண்டி வடக்கே போனால், கோவாவின் எல்லைக்குச் சற்று முன்பாக மாஜாளி. தென்னைகளுக்கு இடையே ஓட்டு வீடுகள், முற்றத்தில் உலர்த்திய வலைகள், வெளுத்த மணல் கரை. வண்டி அங்கே நின்றுவிடுகிறது. மிச்சத்தை நடந்துதான் தீர்க்க வேண்டும். கரையின் வடகோடியில் ஒரு குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் ஏறி மறுபுறம் இறங்க வேண்டும். முள்ளும் புல்லும் மண்டிய ஒற்றையடிப் பாதை, உருளும் கற்கள், இடப்புறம் நேர் கீழே கடல். அறுபதைக் கடந்த இருவர் இதில் ஏறும் வேகத்தை விவரிப்பதால் வாசகருக்குப் பிரயோசனமில்லை.

உச்சியிலிருந்து கீழே பார்த்தபோது முதலில் தோன்றியது, யாரோ கரையைத் தீயிட்டு எரித்திருக்கிறார்கள் என்பதே. இரு பக்கமும் பாறை மூக்குகள் கடலுக்குள் நீண்டு அணைத்திருக்க, நடுவே ஒரு சிறிய வளைவு முழுவதும் கறுப்பு. அதில் வந்து உடையும் நுரை, வேறெந்தக் கடற்கரையிலும் நான் கண்டிராத வெண்மையோடு பளிச்சிட்டது. எள்ளைக் கொட்டிப் பரப்பியதுபோல் இருப்பதால் கொங்கணிக்காரர்கள் இதைத் தில்மாத்தி என்கிறார்கள். இறங்கிப் போய்க் கையில் அள்ளினால் பெயர் பொருந்துகிறது. மாஜாளி மணலைப்போல் நைந்த தூள் அல்ல. தனித்தனியே எண்ணத்தக்க பருமனும், தேய்ந்து உருண்ட மினுக்கமும் உள்ள மணிகள். இடையிடையே பழுப்பும் வெள்ளைச் சிப்பித் துணுக்கும். ஈரம் பட்ட இடத்தில் மை. உலர்ந்த இடத்தில் சாம்பல் ஓடிய கறுப்பு. விரலால் தோண்டிப் பார்த்தேன். அடியிலும் அதே நிறம்.

தோண்டிப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. கருமணல் என்றவுடன் தமிழர்க்கு நினைவு வருவது கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. அங்கே கறுப்பாகத் தெரிவது எரிமலையின் கொடையன்று. உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலில், இல்மனைட்டும் மோனசைட்டும் கார்னெட்டும் போன்ற கனத்த தாதுக்களை விட்டுவிட்டு இலகுவான வெள்ளை மணலை அலை அடித்துக்கொண்டு போய்விடுவதால் ஏற்படும் நிறம் அது. திருவாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தபின் அந்தக் கரையின் தலையெழுத்தே மாறிற்று. அங்கே அலை சலித்தெடுக்கிறது. தில்மாத்தியில் அலை அரைக்கிறது. இங்குள்ள மணலைத் தந்தது பசால்ட் என்னும் கரும்பாறை என்றே இவ்வூரைப் பற்றி எழுதுவோர் குறிக்கிறார்கள். நண்பர் தம் சிறு சுத்தியலால் கரையோரப் பாறை ஒன்றின் விளிம்பைத் தட்டி, புதிதாக உடைந்த முகத்தை என் உள்ளங்கை மணலின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரே கறுப்பு.

ஹவாய்த் தீவில் இதே காரியம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும் என்றார் அவர். கொதிக்கும் குழம்பு கடலில் விழுந்தவுடன் கண்ணாடிபோல் உறைந்து, நீராவியின் வேகத்தில் சிதறித் தூளாகி, சில நாட்களில் ஒரு புதிய கருங்கரை உண்டாகிவிடுகிறது. உண்டாக்கிய எரிமலையே அதை அழித்தும்விடுகிறது. கைமூ என்ற புகழ்பெற்ற கருமணல் கரையைக் கிலவேயா எரிமலையின் குழம்பு 1990இல் அடியோடு மூடிவிட்டது. நம் தேசத்தில் உயிருள்ள எரிமலை அந்தமானைச் சேர்ந்த பாரன் தீவு ஒன்றே. அதன் கருங்கரையைக் கப்பலிலிருந்து பார்க்கலாமே தவிர, கால் வைக்க விடுவதில்லை. தில்மாத்தியில் எரிமலையின் வாய் எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. பச்சைக் குன்று நிற்கிறது, மாடு மேய்கிறது. அந்த நெருப்பு அணைந்து எத்தனையோ யுகங்கள் ஆனபின், அலை மட்டும் தன் பங்கு வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கிறது. எனக்கு இதுவே ஹவாயைவிடப் பெரிய விசேஷமாகப் பட்டது. சீற்றத்தைப் பார்க்க ஓடுவோர் ஏராளம். பொறுமையைப் பார்க்க வருவோர் அன்றைக்கு நாங்கள் இருவர்தான்.

நீர் வற்றியிருந்த நேரமாதலால் பாறை மூக்கின் அடியை ஒட்டி நடக்க முடிந்தது. அங்கே அலை குடைந்த பொந்துகள் இருந்தன. குகை என்று சொல்வது கொஞ்சம் தாராளம். ஒன்றில் மாத்திரம் ஒருவர் குனிந்து நுழைந்து, திரும்பி உட்காரலாம். ஆனால் பெரிய கடற்குகைகள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. பாறையில் ஒரு வெடிப்பு அகப்பட்டால் போதும். அலை மோதும்போது அதற்குள் இருக்கும் காற்று நெருக்குண்டு, அலை விலகும்போது வெடித்து விரிந்து, வெடிப்பைச் சிறுகச் சிறுக அகட்டுகிறது. பிறகு கூழாங்கற்கள் உள்ளே புகுந்து உருண்டு உருண்டு அறைகின்றன. ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவில் ஃபிங்கல் குகை என்று ஒன்று உண்டு. மால்பேயில் கண்ட அதே வகைத் தூண்கள், ஆனால் மிக உயரமானவை, இருபுறமும் சுவராக நிற்க, கடல் அவற்றின் நடுவே ஒரு மண்டபத்தையே குடைந்திருக்கிறது. ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாராவிலோ தூண்களும் குகையும் கருமணலும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. நமக்குக் கடவுள் அவற்றைப் பிரித்துத் தூண்களை மால்பேயிலும் மணலை மாஜாளியிலும் குகைகளை நெத்ராணியிலும் வைத்தார். மூன்றையும் பார்க்க வேண்டுமானால் மூன்று முறை டிக்கெட் வாங்க வேண்டியதுதான். கடல் குடையாத குறையை நம் முன்னோர் உளியால் நிறைவேற்றினார்கள் என்று ஆறுதல் கொள்ளலாம். பம்பாய்க்கு எதிரே எலிபெண்டாத் தீவின் குகைக் கோயிலும் எரிமலைப் பாறையில் குடைந்ததே.

பொந்துக்குள் உட்கார்ந்து அலையின் முழக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே யாரோ உரக்கக் கூப்பிட்டார்கள். மாஜாளிப் பக்கத்து மீனவர் ஒருவர், தோளில் ஒரு வீச்சுவலையோடு பாறைமேல் நின்றார். "ஸ்வாமி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே உட்காராதீர்கள். தண்ணீர் திரும்பிவிட்டது" என்றார். ரெய்னிஸ்ஃபியாராவில் இதைச் சொல்லப் பெரிய பலகைகள் வைத்திருக்கிறார்கள்; அவற்றைப் படித்தபின்னும் அலையில் போனவர்கள் உண்டு. நாங்கள் பலகை இல்லாமலே வெளியே வந்தோம்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?"

"மைசூரிலிருந்து, அண்ணா" என்றார் நண்பர்.

"அங்கே அரண்மனை இருக்கிறது, தசரா இருக்கிறது. இந்தக் கரிமண்ணைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?"

அவருக்கு இந்தக் கரை ஓர் அடையாளக் குறி. கடலிலிருந்து திரும்பும்போது இந்தக் கறுப்பு தெரிந்தால் வீடு அடுத்த வளைவில் என்று கணக்கு. இங்கே ரம்பணி வலை இழுக்க இடம் போதாது, கல்லும் அதிகம் என்பது அவருடைய குறை. முன்பெல்லாம் மாஜாளியில் ஊரே கூடி நின்று அந்தப் பெருவலையை இழுக்கும் என்றும், இப்போது இயந்திரப் படகுகள் மீனைக் கரைக்கு வர விடுவதில்லை என்றும் சொன்னார். வருகிறவர்கள் மணலைப் புட்டியில் அடைத்துக்கொண்டு, காலிப் புட்டிகளை விட்டுப் போகிறார்கள் என்று அவர் சுட்டிய திசையில், பாறை இடுக்கில் அவை குவிந்து கிடந்தன. என் ஜேபியில் இருந்த ஒரு பிடி மணலை, அவர் பார்க்காத சமயம் கீழே உதிர்த்துவிட்டேன்.

வெயில் ஏறியதும் நிற்க முடியவில்லை. கறுப்பு மணல் சூட்டை உறிஞ்சும் வேகம் செருப்பின் அடித்தோலைத் தாண்டித் தெரிந்தது. நண்பரோ வடக்குக் குன்றின்மேலும் ஏறியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஏறினோம். அந்தப் பக்கம் கோவாவின் போளெம் கரை. அதன் மணல் வெளுப்பு. தெற்கே விட்டு வந்த மாஜாளியும் வெளுப்பு. ஒரே கடல், ஒரே காற்று, ஒரே மழைக்காலம். நடுவில் இந்த ஒரு வளைவு மட்டும் கறுப்பு. பாறை மூக்குகள் இரண்டும் கதவுகளாக நிற்பதால் ஆற்று மணல் உள்ளே வர வழியில்லை, உள்ளே அரைபட்டது வெளியே போகவும் வழியில்லை என்பது நண்பரின் கட்சி. அப்படியானால் ஆயிரமாயிரம் ஆண்டுகளில் கொஞ்சமாவது கசிந்து, போளெமின் விளிம்பையாவது கறுப்பாக்கியிருக்க வேண்டாமா என்பது என் கட்சி. ஆழத்தில் இறங்கிவிட்ட மணலைக் கரையில் தேடக்கூடாது என்றார் அவர். பேச்சு மும்முரமாகி, மாஜாளியில் இறங்கும் வரையில், அங்கே ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் கொக்கம் சேர்த்த சோல் கடியும் சோறும் வந்து வைத்த பின்னும் நீண்டது. பிற்பகல் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஆட்டோக்காரர் வந்து நின்றபோது, நண்பர் இலையின் ஓரத்தில் உப்பைக் குவித்து இரண்டு பாறை மூக்குகளை எனக்கு வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்.